கொழும்பில் எங்கே தங்குவது? அலுவலாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் ஏறினால் விடிய நாலு, ஐந்து மணியளவில் கொழும்பில் இறங்கலாம். அரச அலுவலகங்கள் திறக்க எட்டு, எட்டரை ஆகும். லொட்ஜில் அறை தருவது மதியம் 12 மணிக்கோ 2 மணிக்கோதான். இடையில் இருக்கும் அந்த நாலைந்து மணித்தியாலம் வயதான தாயோடும், கைக்குழந்தையோடும், கிளினிக் கொப்பியோடும் வீதியோரத்தில் கழிகிறது. அல்லது முதல் கண்ணில் பட்ட லொட்ஜில், கேட்ட காசைக் கொடுத்து ஏறவேண்டியிருக்கிறது.

வடக்கு கிழக்கிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களில் பெரும் பகுதியினர் ஊர் பார்க்கப் போகிறவர்கள் அல்லர். மகரகமவில் கதிர்வீச்சுச் சிகிச்சை, தேசிய வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைத் திகதி, புதுக்கடையில் வழக்கு, பொரளையில் சிறைச்சாலையில் இருக்கும் மகனைப் பார்ப்பது, வீசா நேர்காணல், கட்டுநாயக்கவில் ஒருவரை அனுப்புவது என்று ஏதோ ஒரு தேவை இழுத்துக்கொண்டு போகிறது. தங்கும் செலவு கட்டுப்படியாகாமல் கிளினிக் திகதியைத் தவறவிடுகிறவர்களும், வழக்குத் தவணைக்கு வரமுடியாமல் போகிறவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஆகவே தங்குமிடத்தைச் சரியாகத் தெரிவு செய்வது சிகிச்சையின் பாதி, வழக்கின் பாதி என்றே எடுத்துக்கொள்ளவேண்டும்.

இக்கட்டுரை எந்த லொட்ஜையும் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கவில்லை. விலைகள் மாதத்துக்கு மாதம் மாறும்; உரிமையாளர்களும் மாறுவார்கள். மாறாமல் இருக்கும் விடயங்களை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

முதலில்: போகத்தான் வேண்டுமா?

மிக மலிவான தங்குமிடம் உங்கள் வீடுதான். முன்பு கொழும்புக்குப் போனால்தான் முடியும் என்றிருந்த பல அலுவல்கள் இப்போது ஊரிலேயே, அல்லது பக்கத்து மாவட்டத்தில் முடிகின்றன. பழைய பழக்கத்தில் பஸ் ஏறுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

கடவுச்சீட்டு: குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமையகம் பத்தரமுல்லை சுஹுருபாயவில் இருக்கிறது. வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகம் பல ஆண்டுகளாக இயங்குகிறது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலும் ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது.

சான்றிதழ்களை உறுதிப்படுத்துதல்: வெளிநாட்டுக்கு அனுப்பும் பிறப்பு, விவாக, கல்விச் சான்றிதழ்களுக்கு வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு முத்திரையிடவேண்டும். அதன் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்தில் உண்டு.

இந்திய வீசா: யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் 2010ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. வட மாகாணத்தவர்கள் இதற்காகக் கொழும்புக்கு அலையவேண்டியதில்லை.

புற்றுநோய்: தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த ‘ட்ரெயில்’ நடைபயணத்தில் சேர்ந்த பணத்தில் அது கட்டப்பட்டது. எல்லாச் சிகிச்சையும் அங்கே கிடைக்கும் என்று சொல்லமுடியாது. ஆனால் மகரகமவில் தொடங்கிய சிகிச்சையில் எந்தப் பகுதியைத் தெல்லிப்பழையில் தொடரலாம் என்று உங்கள் வைத்தியரிடம் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. பல குடும்பங்கள் அதைக் கேட்பதே இல்லை.

ஜனாதிபதி நிதியம்: சிகிச்சை உதவிக்கான விண்ணப்பத்தை 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம்.

எந்த அரச அலுவல் எங்கே நடக்கிறது என்று தெரியாவிட்டால் 1919 என்ற அரச தகவல் நிலைய இலக்கத்துக்கு அழையுங்கள். தமிழிலும் பதில் சொல்வார்கள். ஒரு தொலைபேசி அழைப்பு இரண்டு நாள் வாடகையை மிச்சப்படுத்தும்.

அலுவல் எங்கேயோ, அறை அங்கே

கொழும்பு என்றவுடன் நம்மவர்களுக்கு வெள்ளவத்தைதான் நினைவுக்கு வரும். தமிழ் பேசலாம், இடியப்பமும் சொதியும் கிடைக்கும், யாராவது தெரிந்தவர் இருப்பார், ஊருக்குத் திரும்பும் இரவு பஸ்களும் அங்கேயே நிற்கும். காரணங்கள் எல்லாம் நியாயமானவை. ஆனால் உங்கள் அலுவல் மகரகமவிலோ பத்தரமுல்லையிலோ இருந்தால், காலையும் மாலையும் காலி வீதியிலிருந்து நகரத்தைக் குறுக்கே ஊடறுத்துப் போகவேண்டும். அலுவலக நேர நெரிசலில் அந்தத் தூரம் காசாகவும் களைப்பாகவும் திரும்பி வரும். ஆகவே முதலில் அலுவல் நடக்கும் இடத்தைக் குறியுங்கள். பிறகு அதைச் சுற்றி அறை தேடுங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி (கொழும்பு 6, 4): காலி வீதியும் கரையோர ரயில் பாதையும் பக்கத்தில். 100ஆம் இலக்க பஸ் புறக்கோட்டைக்கும் பாணந்துறைக்கும் இடையே காலி வீதியால் ஓடுகிறது. கொள்ளுப்பிட்டி, கோட்டை பக்கம் அலுவல் உள்ளவர்களுக்கும், தூதரகங்களுக்குப் போகிறவர்களுக்கும், காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் கொழும்புத் தலைமையகத்துக்குப் போகிறவர்களுக்கும் இந்தப் பகுதி வசதி. லொட்ஜ், அனெக்ஸ், மாடிக் குடியிருப்பில் நாள் வாடகைக்கு விடும் அறை என்று எல்லா வகையும் உண்டு. காலி வீதியைப் பார்த்த அறையில் இரவு முழுக்க இரைச்சல் இருக்கும், உள்ளொழுங்கையில் கேளுங்கள்.

கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை (கொழும்பு 13, 11): புதுக்கடை நீதிமன்றத் தொகுதிக்கும் கோட்டை ரயில் நிலையத்துக்கும் கிட்ட. இங்கேயும் தமிழ் பேசும் மக்கள் நிறைய. கொட்டாஞ்சேனையில் குடும்பங்கள் தங்கக்கூடிய அமைதியான ஒழுங்கைகள் இருக்கின்றன. புறக்கோட்டை லொட்ஜ்கள் பெரும்பாலும் வியாபாரத்துக்கு வருகிற ஆண்களை மனதில் வைத்து நடத்தப்படுகின்றன. தனியே வரும் பெண்களும் குழந்தைகளோடு வருகிறவர்களும் அறையை நேரில் பார்க்காமல் அங்கே முற்பணம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

மருதானை, பொரளை (கொழும்பு 10, 8): தேசிய வைத்தியசாலை, கண் வைத்தியசாலை, டி சொய்சா மகப்பேற்று வைத்தியசாலை, லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை எல்லாம் இந்தச் சுற்றில் இருக்கின்றன. வெலிக்கடை, மகசின் சிறைச்சாலைகளும் பொரளையில்தான். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் ரயில்கள் கோட்டைக்கு முன் மருதானையில் நிற்கும். வைத்தியசாலை அலுவலாக வருகிறவர்கள் கோட்டை வரை போகாமல் அங்கேயே இறங்கலாம்.

மகரகம, நுகேகொட: அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் இங்கேதான் தேடவேண்டும். புறக்கோட்டையிலிருந்து 138ஆம் இலக்க பஸ் நுகேகொட வழியாக மகரகமவுக்கு ஓடுகிறது. களனிப் பள்ளத்தாக்குப் பாதையில் ரயிலும் உண்டு. இங்கே தமிழ் பேசுகிறவர்கள் குறைவு என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. ஆனால் வைத்தியசாலையைச் சுற்றி அறை கொடுக்கிறவர்கள் நாடு முழுவதிலுமிருந்து வரும் நோயாளிகளோடு பழகியவர்கள்.

பத்தரமுல்லை, ராஜகிரிய: சுஹுருபாயவில் அலுவல் உள்ளவர்களுக்கு. கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவலைக்குப் போகும் 177ஆம் இலக்க பஸ் இவ்வழியால் போகும். ஒரு நாள் அலுவல் என்றால் இங்கே தங்கவேண்டிய அவசியமில்லை. மறுநாளும் வரச்சொன்னால் மட்டும் யோசியுங்கள்.

நீர்கொழும்பு, கட்டுநாயக்க: விமான நிலைய அலுவலுக்கு மட்டும் வருகிறவர்கள் கொழும்புக்குள் போகவே தேவையில்லை. புத்தளம், சிலாபம் வழியாக வரும் பஸ்ஸில் ஏறினால் இங்கேயே இறங்கிவிடலாம். வெள்ளவத்தையில் தங்கி, நள்ளிரவில் வான் பிடித்து விமான நிலையம் போவதைவிடச் செலவும் பதற்றமும் குறைவு.

எந்த வகைத் தங்குமிடம்?

லொட்ஜ்: ஓரிரு நாளுக்கு ஏற்றது. முன்பதிவு இல்லாமலும் கிடைக்கும். ஒரே லொட்ஜில் ஒரு அறை சுத்தமாகவும் அடுத்த அறை தங்கவே முடியாததாகவும் இருக்கலாம். எனவே லொட்ஜின் பெயரைக் கேட்டு முடிவெடுக்காமல் உங்களுக்குத் தரப்போகும் அறையைப் பாருங்கள்.

அனெக்ஸ், நாள் வாடகை வீடு: நாலைந்து பேராகப் போனால் இதுதான் மலிவு. சமையலறை இருந்தால் கஞ்சி, இடியப்பம், குழந்தைக்குப் பால் என்று வெளியே வாங்கும் செலவு மிச்சம். நோயாளிக்கு உப்பு, காரம் குறைத்துச் சமைக்கலாம்.

மாத அறை: கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் கிழமையில் ஐந்து நாள் என்று பல கிழமைகள் நீளும். அப்படியானவர்கள் நாள் கணக்கில் லொட்ஜுக்குக் கொடுக்கவேண்டாம். சிகிச்சை எத்தனை கிழமை என்று வைத்தியர் சொன்னவுடனேயே மாத வாடகை அறை தேடுங்கள். முற்பணம் எவ்வளவு, இடையில் விட்டுப் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைத் துண்டிலாவது எழுதி வாங்குங்கள்.

நலன்புரி விடுதிகள்: வெளிமாவட்ட நோயாளிகளுக்காகத் தொண்டு அமைப்புகளும் சமய நிறுவனங்களும் இலவசமாகவோ குறைந்த காசுக்கோ நடத்தும் இடங்கள் இருக்கின்றன. இவை விளம்பரம் செய்வதில்லை. வாட்டில் தாதியிடமும், வைத்தியசாலையின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கேட்டால்தான் தெரியவரும். பெரும்பாலும் வைத்தியரின் கடிதமும் கிளினிக் கொப்பியும் கேட்பார்கள்.

உறவினர் வீடு: காசு மிச்சம்தான். ஆனால் கொழும்பு வீடுகள் சிறியவை. வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிற குடும்பங்கள் அவை. நீண்ட சிகிச்சை என்றால் முதல் கிழமை உறவினர் வீட்டில் நின்று, அவர்களின் உதவியோடு அறை தேடிக்கொண்டு போனால் உறவும் கெடாது, நோயாளிக்கும் ஆறுதல்.

பலகையில் இருக்கும் விலை முழு விலை அல்ல

ஒரு கணக்குப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். வெள்ளவத்தையில் அறை நாளுக்கு 4,000 ரூபா. மகரகமவில் 5,000 ரூபா. முதலாவதுதான் மலிவு போலத் தெரியும். ஆனால் நடக்க முடியாத நோயாளியை வெள்ளவத்தையிலிருந்து முச்சக்கரவண்டியில் கூட்டிப்போய் வர 2,500 ரூபா ஆனால், அந்த அறையின் உண்மையான விலை 6,500. ஐந்து நாளில் 7,500 ரூபா கூடுதல். ஆகவே அறை வாடகை, போக்குவரத்து, சாப்பாடு மூன்றையும் கூட்டி, தங்கும் நாட்களால் பெருக்கிப் பார்த்த பிறகே ஓர் இடத்தை மலிவு என்று சொல்லலாம்.

ஹோட்டல்களில் வரியும் சேரும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். சேவைக் கட்டணம் வழமையாக 10 சதவீதம். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். 10,000 ரூபா என்று காட்டிய அறைக்கு முதலில் 11,000, பிறகு வரியோடு 12,980 ரூபா வரும். “எல்லாம் சேர்த்து எவ்வளவு?” என்று கேட்டுவிட்டே சரி சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரோடு தங்கும்போது இன்னொரு சிக்கல். பல இடங்களில் உள்ளூரவருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு டொலரில் இன்னொரு விலை. யார் பெயரில் பதிவு, எத்தனை பேர் உள்ளூர் அடையாள அட்டை உள்ளவர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லி விலை பேசுங்கள். வந்த பிறகு வாக்குவாதம் வேண்டாம்.

தொலைபேசியில் கேட்கவேண்டியவை

ஊரிலிருந்து புறப்படுவதற்கு முதல் நாளே இரண்டு மூன்று இடங்களுக்கு அழையுங்கள். கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

“அண்ணை, அறை எத்தனையாம் மாடி? லிப்ட் இருக்கோ? கரண்ட் போனால் லிப்ட் வேலை செய்யுமோ?”

“பாத்ரூம் அறைக்குள்ளேயா, வெளியிலா? கொமட் இருக்கோ, குந்தி இருக்கிறதோ?”

“விடிய ஐந்து மணிக்கு வந்தால் உள்ளே விடுவீங்களோ? அதுக்குத் தனிக் காசோ?”

“இரவு எத்தனை மணிக்கு கேட் பூட்டுவீங்கள்?”

“ஏ.சி. போடாமல் இருந்தால் வாடகை குறையுமோ? நுளம்பு வலை இருக்கோ?”

“சுடுதண்ணி எடுக்கலாமோ? மருந்து வைக்க ஃபிரிட்ஜ் இருக்கோ?”

கடைசிக் கேள்வி இன்சுலின் போடுகிறவர்களுக்கு முக்கியம். மருந்தேற்றிய புற்றுநோயாளிகளுக்குக் கிருமித் தொற்று இலகுவில் பிடிக்கும். அவர்களுக்குத் தனிப் பாத்ரூம் கட்டாயம் வேண்டும். அதில் காசு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

விடிய வந்து இறங்குகிறவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, முதல் நாள் இரவிலிருந்தே அறையைப் பதிவு செய்வது. இதற்கு ஒரு நாள் வாடகை கூடும். மற்றது, சில லொட்ஜ்களில் குளித்து உடை மாற்ற மட்டும் சில மணித்தியாலத்துக்கு அறை கொடுப்பார்கள். அதைப் பேசி வைப்பது. ஒரே நாளில் அலுவலை முடித்துக்கொண்டு அன்றிரவே திரும்புகிறவர்களுக்கு இரண்டாவது போதும். பைகளை மாலை வரை அங்கேயே வைக்க விடுவார்களா என்றும் கேளுங்கள்.

காலை இழந்தவர்களும் ஊன்றுகோலோடு வருகிறவர்களும்

கொழும்பின் மலிவான லொட்ஜ்கள் பல பழைய கட்டடங்களில், கடைகளுக்கு மேலே, செங்குத்தான ஒடுங்கிய படிகளோடு இருக்கின்றன. செயற்கைக் காலோடு வருகிற ஒருவருக்கு மூன்றாம் மாடி அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் பயனில்லை. “லிப்ட் இருக்கு” என்ற பதிலோடு நிறுத்தாமல், வீதியிலிருந்து லிப்ட் வரை எத்தனை படி, சக்கர நாற்காலி பாத்ரூம் கதவுக்குள் நுழையுமா என்று கேளுங்கள். முடிந்தால் அறையையும் பாத்ரூமையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுக்கிற இடத்தைத் தவிர்த்துவிடலாம். பாத்ரூமில் வழுக்கும் தரை, பிடிமானம் இல்லாத சுவர் இரண்டையும் படத்திலேயே கண்டுபிடிக்கலாம். இரவில் செயற்கைக் காலைக் கழற்றி வைத்த பிறகு பாத்ரூம் போக ஒரு பிளாஸ்டிக் கதிரை கேட்டு வாங்கி வையுங்கள்.

தனியே போகும் பெண்கள்

கணவரை இழந்தோ, கணவர் காணாமல் ஆக்கப்பட்டோ தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் வழக்குக்கும் வைத்தியசாலைக்கும் தாங்களே போய்வருகிறார்கள். சில லொட்ஜ்களில் தனியே வரும் பெண்ணுக்கு அறை கொடுக்கத் தயங்குவார்கள். தேவையில்லாத கேள்விகளும் வரும். இதைத் தவிர்க்க, குடும்பமாக நடத்தும் இடத்தையோ, பெண்கள் தங்கும் அறைகளையோ முன்கூட்டியே பேசிவையுங்கள். அதே நாளில் அதே அலுவலாகப் போகும் இன்னொரு பெண் ஊரில் இருந்தால் சேர்ந்து போகலாம். அறைச் செலவும் பாதி.

அறைக்குள் போனவுடன் உள் தாழ்ப்பாள் சரியாகப் பூட்டுகிறதா என்று பாருங்கள். சரியில்லையென்றால் வேறு அறை கேளுங்கள். தங்குமிடத்தின் பெயர், முகவரி, அறை இலக்கத்தை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். இரவில் வீதியில் கைகாட்டி முச்சக்கரவண்டி பிடிப்பதைவிட பிக்மீ, ஊபர் போன்ற செயலிகளில் அழைப்பது நல்லது. விலை முன்பே தெரியும். வண்டி இலக்கமும் பதிவில் இருக்கும்.

அடையாள அட்டையும் பொலிஸும் நம் உரிமையும்

கொழும்பு லொட்ஜ் என்ற சொல்லுக்குப் பின்னால் நம்மில் பலருக்கு ஒரு பயம் இருக்கிறது. அது காரணமில்லாத பயம் அல்ல. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பொலிஸாரால் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். தகுந்த காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருந்தார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவை ஏற்று, இப்படி வெளியேற்றுவதை நிறுத்தும்படி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. சில நாட்களில் அப்போதைய பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார்.

அந்தச் சம்பவம் நடந்தபோது குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று தங்கள் பெற்றோரைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போகிறார்கள். பெற்றோர் இன்னமும் லொட்ஜ் கதவு தட்டப்பட்டால் திடுக்கிடுகிறார்கள். ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அரசியலமைப்பின் 14(1)(எச்) உறுப்புரை, நாட்டின் எந்தப் பகுதிக்கும் போய்வரவும், விரும்பிய இடத்தில் வசிக்கவும் ஒவ்வொரு பிரசைக்கும் சுதந்திரம் தருகிறது. 12(3)ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகக் கடைகள், உணவகங்கள், ஹோட்டல்கள் போன்ற இடங்களுக்குள் போவதில் எவருக்கும் தடையோ நிபந்தனையோ விதிக்கப்படக்கூடாது என்கிறது. கொழும்பில் தங்குவதற்கு “ஏன் வந்தீர்கள்” என்ற காரணத்தைச் சட்டம் நிபந்தனையாக வைக்கவில்லை.

நடைமுறையில் செய்யவேண்டியவை இவை.

தேசிய அடையாள அட்டையை மூலப் பிரதியாக வைத்திருங்கள். லொட்ஜில் அதைக் காட்டி விபரம் எழுத விடுங்கள், வேண்டுமென்றால் படப்பிரதி கொடுங்கள். மூலத்தை வரவேற்பு மேசையில் கொடுத்து வைத்துவிட்டு வெளியே போகாதீர்கள். பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதி, தம்பதியருக்கு விவாகச் சான்றிதழின் பிரதி கையில் இருந்தால் வீண் கேள்விகள் குறையும்.

கிளினிக் கொப்பி, நீதிமன்ற அழைப்பாணை, அலுவலகத் திகதிக் கடிதம் ஆகியவற்றைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். சட்டம் கேட்கவில்லை என்றாலும், இரவில் சோதனை வந்தால் பேச்சு விரைவில் முடியும்.

பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு வீடுகளில் வசிப்போரின் விபரங்களைக் கேட்கும் அதிகாரத்தைப் பொலிஸாருக்குத் தருகிறது. மாத அறை எடுக்கிறவர்களிடம் வீட்டுக்காரர் இதற்காகப் படிவம் நிரப்பச் சொல்லலாம். நிரப்பும்போது ஒரு பிரதியை நீங்களும் வைத்திருங்கள்.

வாக்குமூலம் எதுவும் கொடுக்க நேர்ந்தால் தமிழில் கொடுங்கள். தமிழ் அரச கரும மொழி. விளங்காத மொழியில் எழுதிய எந்தக் கடதாசியிலும் கையொப்பம் இடாதீர்கள்.

அரச அதிகாரி எவராவது உரிமையை மீறினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழைக்கலாம். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை, கல்முனை ஆகிய இடங்களிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் கால எல்லை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அதில் சேர்க்கப்படாது. ஊருக்கு வந்து யோசிப்போம் என்று நாட்களை விடவேண்டாம்.

இணையத்தில் பதிவு செய்வதானால்

புக்கிங் டொட் கொம், அகோடா போன்ற தளங்களில் விலைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பார்த்த பிறகு அந்த இடத்துக்கு நேரடியாகவும் அழைத்து விலை கேளுங்கள். சில வேளை குறைத்துக் கொடுப்பார்கள். விருந்தினர் எழுதிய குறிப்புகளில் நட்சத்திர எண்ணிக்கையைவிட, அண்மைய மாதங்களில் எழுதியவற்றில் தண்ணீர், மூட்டைப்பூச்சி, இரைச்சல், ஊழியர் நடத்தை பற்றிச் சொன்னவற்றை வாசியுங்கள். ‘இலவசமாக ரத்துச் செய்யலாம்’ என்ற அறையையே தெரிவு செய்யுங்கள். வைத்தியசாலைத் திகதி மாறுவது சாதாரணம்.

பேஸ்புக்கிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் வரும் அறை விளம்பரங்களில் கவனம் தேவை. வேறெங்கோ எடுத்த அழகான படங்களைப் போட்டு, முற்பணத்தை வங்கிக்கு அனுப்பச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை அணைப்பவர்கள் இருக்கிறார்கள். முகவரியைச் சரியாகச் சொல்லாத, வீடியோ அழைப்பில் அறையைக் காட்ட மறுக்கிற, “இப்பவே போட்டால்தான்” என்று அவசரப்படுத்துகிற எவருக்கும் காசு அனுப்பாதீர்கள். கொழும்பில் தெரிந்த ஒருவர் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டால் எல்லாவற்றையும்விட நல்லது.

சிங்களம் தெரியாவிட்டாலும் இரண்டு மூன்று சொல் உதவும். “காமரயக் தியெனவாத?” என்றால் அறை இருக்கிறதா. “கீயத?” என்றால் எவ்வளவு. “பில் எக தென்ன” என்றால் பில்லைத் தாருங்கள். பில்லைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். தங்கும் செலவைத் திருப்பித் தரும் அமைப்போ, வெளிநாட்டிலிருந்து உதவும் உறவினரோ இருந்தால் அந்தத் துண்டுதான் கணக்கு. முற்பணம் பற்றித் தகராறு வந்தாலும் அதுதான் சாட்சி.

புறப்படும் முன்

அலுவலகமோ கிளினிக்கோ அன்று திறந்திருக்கிறதா என்று பாருங்கள். போயா நாளிலும் அரச விடுமுறையிலும் போய் இறங்கினால் ஒரு நாள் வாடகை வீண். வெள்ளிக்கிழமை திகதி கிடைத்தால், அன்று முடியாவிட்டால் திங்கள் வரை நிற்கவேண்டி வரும். முடிந்தால் கிழமையின் தொடக்கத்தில் திகதி கேளுங்கள். திரும்பும் பஸ் ஆசனத்தை அலுவல் முடிந்த பிறகு பதிவு செய்யுங்கள். ஒரு நாள் வாடகைக்கான காசைத் தனியே மடித்து வையுங்கள். “நாளைக்கு வாங்கோ” என்று கவுண்டரில் சொன்னால் கடன் கேட்காமல் நிற்க அது போதும்.

அவசர சுகயீனத்துக்கு 1990 அம்புலன்ஸ் சேவை இலவசம். லொட்ஜ் அறையிலிருந்தும் அழைக்கலாம். அழைக்கும்போது சொல்ல வசதியாக, தங்குமிடத்தின் முகவரியை வந்த அன்றே ஒரு கடதாசியில் எழுதி மேசையில் வையுங்கள்.